அசையாத கை

ஒருவர் மேல் கை வைத்துவிட்டால் அந்த அம்மாள் அதை அசைக்க மாட்டார். பிசைவது, தேய்ப்பது, எண்ணெய் போட்டு உருவுவது எதுவும் கிடையாது. வலிக்கும் இடத்தில் உள்ளங்கையைப் பதித்துவிட்டு ஐந்து நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "நிக்கிறேன்" என்பார்.

நான் அதைப் பார்த்து நாலரை வருஷம் சிரித்தேன்.

மலேசியாவில், வட ஜொகூரில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி. எது என்று சொல்லப் போவதில்லை. தப்பு ஆஸ்பத்திரியுடையது அல்ல. அங்கே பிசியோதெரபி பகுதிக்கு நான் பொறுப்பாளன். அந்த அம்மாள் எங்கள் பகுதி அட்டெண்டன். கொதிநீர்த் தொட்டியிலிருந்து சூட்டுப் பைகளை இடுக்கியால் எடுத்துத் துண்டில் சுற்றி, நோயாளியின் தோளிலோ இடுப்பிலோ வைத்துத் திரையை இழுத்துவிட வேண்டும். இருபது நிமிஷம் கழித்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு நோயாளி என்னிடம் வருவார். நான் இயந்திரம் வைப்பேன், கை காலை இழுத்து மடக்குவேன். சூட்டுப் பை வைத்த இருபது நிமிஷத்தில் அவர் துண்டு மடிக்கலாம், தரை துடைக்கலாம். அவரோ திரைக்குள்ளேயே நின்றுவிடுவார்.

இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த நாளில் 'அது' என்றுதான் சொன்னேன். 'அது எங்கே போச்சு', 'அதை வரச்சொல்'. என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். நான் வெளிநாட்டில் மூன்று வருஷம் படித்துப் பட்டயம் வாங்கியவன். அந்த அம்மாள் சாஆ என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு நின்று, சிகாமட் மார்க்கெட்டில் அண்ணனுடைய ஆட்டுக்கறிக் கடையில் பன்னிரண்டு வருஷம் கறி வெட்டியவர். கடைசி மூன்று வாக்கியங்களை இந்த வரிசையில் எழுத எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு பழகிப்போன திமிர் அது.

மந்திரவாதிகளையும் வைத்தியக்காரிகளையும் பற்றி எழுதுவார்களே, அந்த மாதிரி ஆள் இல்லை அவர். விபூதி பூசமாட்டார், நேரம் பார்க்கமாட்டார், யாரிடமும் எதுவும் கற்றதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கறிக்கடையில் தெரிந்தது. ஒருநாள் இடுப்பு வலியோடு வந்த காஹாங் ஊர்ப் பெண்ணொருத்தி, எலும்பு தேய்ந்துவிட்டதா என்று அவரிடம் கேட்டதைத் திரைக்கு வெளியிலிருந்து நான் கேட்டேன்.

"எலும்பும் நல்லாருக்கு, சதையும் நல்லாருக்கு. ஜவ்வுதான் புடிச்சிக்கிச்சி" என்றார் அவர்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஆட்டுத் தொடையின் மேல் வெள்ளையாக, ஈரக் காகிதம் மாதிரி ஒட்டியிருக்குமே, அதுதான் என்று விளக்கினார். அது மேலே மட்டும் இல்லையாம். சதைக்குச் சதை நடுவில், நரம்பைச் சுற்றி, எலும்பின் மேல், தலையிலிருந்து கால்வரை ஒரே துணியாக ஓடுகிறதாம். தொடையில் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முதுகுப் பக்கம் சுருங்குமாம். புதிதாக அறுத்த ஆட்டில் அது வழுக்கிக்கொண்டு போகும், குளிரில் வைத்து எடுத்த கறியில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கத்தியால் வெடுக்கென்று இழுப்பவன் சதையையும் சேர்த்துக் கிழிப்பான். கையை வைத்து அதற்குச் சூடேறும்வரை பொறுத்தால், அதுவாக விட்டுக்கொடுக்கும்.

நான் அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இதை நடித்துக் காட்டினேன். எக்ஸ்ரே பகுதிக்காரரும் மருந்தகத்துக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என் படிப்பின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். உடற்கூறு வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த உடல்களில் அந்த வெள்ளைப் படலத்தைக் கத்தியால் சுரண்டி ஒரு வாளியில் போடுவோம். அதற்கு அடியில் இருக்கும் தசைதான் பாடம். படலத்துக்கு ஒரு பெயர் இருந்தது, புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. வாளியில் கிடந்ததைப் பற்றிப் பரீட்சையில் யாரும் கேட்கவில்லை. கேட்காததைத் தெரிந்துகொள்ள எனக்கும் தோன்றவில்லை.

அவருடைய நாக்கு லேசானது அல்ல. மென்மையான கைக்கு மென்மையான வாய் இருக்கும் என்று நினைப்பவர்கள் அவரிடம் ஒரு காலை நேரம் இருந்திருக்க வேண்டும். கழுத்துப் பிடித்து வந்த ஒரு தலைமையாசிரியரிடம், "யாரையோ நல்லா ஏசணும்னு இருக்கீங்க சார், ஏசாம வாயிலயே வெச்சிருக்கீங்க. தாடையப் பாருங்க, பூட்டு போட்ட மாதிரி இருக்கு" என்றார். ஒவ்வொரு வாரமும் ஒரு புது வலியோடு வரும் அம்மையாரிடம், "வலிய வளக்கிறீங்கம்மா, பூனைக்குட்டி மாதிரி. பால் ஊத்துனா அது எங்க போவும்?" என்றார். அந்த அம்மையார் புகார் செய்யவில்லை. அடுத்த வாரமும் வந்து, அவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் நோயாளியின் கையை மேலே தூக்கி அழுத்தும்போது துண்டு மடித்துக்கொண்டே பார்ப்பார். ஒருநாள் அறையில் யாருமில்லாத நேரம் பார்த்துச் சொன்னார்.

"சார் கைய இழுக்கிறப்ப ஆளுங்க மூச்ச புடிச்சிக்கிறாங்க. மூச்ச புடிச்சா உள்ள எல்லாத்தையும் மூடிக்கிறாங்க. மூடுன கடையில போயி என்ன வாங்கப் போறீங்க?"

வலி இல்லாமல் குணம் கிடையாது என்று நான் சொன்னேன். அவர் மடித்த துண்டை எடுத்துக்கொண்டு போனார். பதில் சொல்லத் தகுதியில்லாத பேச்சுக்கு அவர் பதில் சொல்வதில்லை.

அவர் கைக்கு அடியில் சிலர் அழுதார்கள். இது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. நான் இழுத்து அழுதால் அது வலி, விளங்குகிறது. அவர் சும்மா நிற்கிறார், அதற்கு எதற்கு அழுகை? போலீஸ்காரர் ஒருவரின் மனைவி முதுகில் அவர் கை வைத்திருந்தபோது, தேம்பல் திரைக்கு வெளியே கேட்டது. அந்தப் பெண் போன பிறகு, எதற்காக அழுதாள் என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார்.

"கேக்கலியா?"

"கேட்டா இறுகிடும் சார்."

மனத்தில் அடக்கி வைத்தது உடம்பில் அந்த ஜவ்வில் போய் உட்கார்ந்துகொள்ளுமா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஓய்வுக்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். ஒருவர் ஆமாம் என்கிறார், இன்னொருவர் பொறுங்கள் என்கிறார். அழுதவர்கள் அழுதார்கள், எழுந்து போகும்போது நடை மாறியிருந்தது. இவ்வளவுதான் நான் கண்ணால் பார்த்தது. பார்த்ததை ஒரு வரிகூடக் குறித்து வைக்காததற்குக் காரணம், பார்த்தது அவருடைய கையில் நடந்தது என்பதுதான்.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது அல்ட்ராசவுண்ட் இயந்திரம். காதுக்குக் கேட்காத ஒலியைச் சதைக்குள் அனுப்பி உள்ளே இதமாகச் சூடு பண்ணும் என்பது சித்தாந்தம். அதற்காக நான் இரண்டு வருஷம் மேலிடத்துக்கு எழுதி வாங்கினேன். ஷவரின் தலை மாதிரி ஒரு கைப்பிடி, அதன் முகத்தில் வழவழப்பான உலோகத் தட்டு. பசையைத் தடவி அதை நோயாளியின் தோளில் வட்டமாக ஓட்ட வேண்டும். பச்சை விளக்கு எரியும், நேரம் எண்ணிக்கொண்டு போகும், எட்டாவது நிமிஷம் மணி அடிக்கும். நோயாளிக்கு எதுவும் தெரியாது. வேலை செய்கிறதா இல்லையா என்று அறிய ஒரே வழிதான் உண்டு. தட்டின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு இயந்திரத்தைப் போட்டால், தண்ணீர் நடுங்கும், பூப்போலச் சிதறும். நடுங்காவிட்டால் தலை செத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு முன் அங்கே இருந்த பெண்மணி, பழைய இயந்திரத்தில் திங்கட்கிழமை தோறும் தவறாமல் தண்ணீர் விட்டுப் பார்ப்பாராம். நான் அதைக் கிழவித்தனம் என்று நிறுத்திவிட்டேன். புது இயந்திரம் அல்லவா.

ஒருநாள் காலை இரண்டு மூன்று நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போது அவர் என்னிடம் வந்தார்.

"சார், மிசின் செத்துப்போச்சு."

"என்ன?"

"தொடைக்கிறப்ப, முன்ன இருந்த மேடம் செஞ்ச மாதிரி தண்ணி வுட்டுப் பாத்தேன். தண்ணி ஆடல."

பச்சை விளக்கைக் காட்டினேன். எரிகிறதே என்றேன். விளக்கு எரியும், தண்ணீர்தான் ஆடவில்லை என்று மறுபடியும் சொன்னார். நோயாளிகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் உரக்கவே, கறிக்கடைக்காரியெல்லாம் மெஷின் ரிப்பேர் பார்க்க வந்துவிட்டார்கள் என்றேன். ஒரு கிழவர் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் ஒருதடவை பார்த்தார். அழுகிய கறியைத் திருப்பிக் கொடுக்க வந்தவனைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு சொட்டுத் தண்ணீர். குழாய் நாலடி தூரத்தில் இருந்தது. அன்றும் நான் பார்க்கவில்லை, மறுநாளும் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் சொல்லிப் பார்த்ததாக ஆகும். அதற்குப் பதிலாக மூன்று மாதம் செத்த தலையைப் பசையில் தோய்த்து மனிதர்களின் தோளில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடிக்கும், நான் அட்டையில் 'அல்ட்ராசவுண்ட், எட்டு நிமிஷம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

அந்த மூன்று மாதத்தின் முதல் வாரத்தில்தான் சாஆவிலிருந்து அந்த லாரி ஆள் வந்தார். செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைக் குலைகளை இரும்புக் குத்தூசியால் குத்தி லாரியில் ஏற்றுவது அவர் வேலை. ஐம்பது வயதைத் தாண்டியவர், பேசாத மனிதர். வலது தோள் பூட்டிக்கொண்டுவிட்டது. கை நெஞ்சு உயரத்துக்கு மேல் வரவில்லை. குலை ஏற்ற முடியாவிட்டால் தோட்டத்தில் அவருக்கு வேறு வேலை இல்லை. முதல் நாள் கோணமானியால் அளந்து எண்பது டிகிரி என்று எழுதினேன். வாரம் இரண்டு நாள் வந்தார். சூட்டுப் பை, திரை, அந்த அம்மாளின் கை. பிறகு நான், என் பச்சை விளக்கு, என் இழுப்பு. ஐந்தாவது வாரம் திரைக்குள் அந்த ஆள் அழுதது எல்லாருக்கும் கேட்டது. குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். நான் திரையை விலக்கிப் பார்த்தேன். அந்த அம்மாள் தோளில் ஒரு கை, முதுகில் ஒரு கை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையை மூடச் சொல்லி எனக்குத் தலையால் சைகை காட்டினார். அட்டெண்டன் எனக்குச் சைகை காட்டினார். நான் மூடினேன். அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

பன்னிரண்டாவது வாரம் அந்த மனிதர் அலமாரியின் உச்சியில் அடுக்கியிருந்த துண்டுகளில் ஒன்றைத் தானாகக் கையை நீட்டி எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எடுத்த பிறகுதான் எடுத்தது அவருக்கே தெரிந்தது. அளந்தேன், நூற்று அறுபது டிகிரி. அட்டையில் எழுதினேன். அந்த அட்டையை மாநிலக் கூட்டத்தில் காட்டி, புது இயந்திரத்தின் பலன் என்று பேசி, கைத்தட்டலும் வாங்கினேன்.

கூட்டத்திலிருந்து திரும்பிய வாரம், வருஷாந்திரச் சோதனைக்காக ஜொகூர் பாருவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். இயந்திரத்தின் தலையில் தண்ணீர் விட்டான், பிறகு ஒரு மீட்டர் வைத்துப் பார்த்தான். தலை செத்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும், யாரும் கவனிக்கவில்லையா என்றான். இப்போதுதான் சந்தேகம் வந்தது என்றேன். புதுத் தலை போட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். அந்த அம்மாள் அப்போது அறையில் இல்லை. அவரிடம் நான் சொல்லவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்துப் புகார் வந்தது. லாரி ஆளின் மகன் எழுதியிருந்தான். சிங்கப்பூரில் வேலை செய்யும் படித்த பையன். தன் தகப்பனார் பத்துப் பேருக்கு மத்தியில் அழுததை யாரோ அவனிடம் கிண்டலாகச் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண் சிகிச்சை செய்கிறாளா, அப்பாவை அழவைக்க அவள் யார் என்று கேட்டிருந்தான். அப்பாவின் கை குணமானதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. மானம்தான் அவனுக்கு வலித்தது.

பெரிய டாக்டர் என்னிடம் அறிக்கை கேட்டார். யார் என்ன சிகிச்சை செய்தார்கள், நோயாளிக்கு என்ன ஆயிற்று. கேட்டது இவ்வளவுதான். உண்மையை எழுத அரைப் பக்கம் போதும். எழுதினால் மூன்று மாத அட்டைகளில் இருக்கும் என் கையெழுத்துகள் எல்லாம் பொய்யாகும், கூட்டத்தில் வாங்கிய கைத்தட்டல் பொய்யாகும், ஒரு கறிக்கடைக்காரி சொன்னதைக் கேட்காதவன் என்ற பெயர் கிடைக்கும்.

நான் எழுதியது இது: இயந்திர சிகிச்சையால் நோயாளி நன்றாகத் தேறிக்கொண்டிருந்தார். என் அனுமதி இல்லாமல் அட்டெண்டன் தலையிட்டுத் தோளை அழுத்தியதில் உட்புறத் திசு கிழிந்து கடும் வலி ஏற்பட்டது, நோயாளி அழுதது அதனால்தான், பின்னர் என்ன ஆகுமோ சொல்ல முடியாது. 'உட்புறத் திசு கிழிந்து' என்பதை முதல் பிரதியில் நான் எழுதியிருக்கவில்லை. படித்துப் பார்த்தபோது அறிக்கைக்குக் கனம் போதவில்லை என்று பட்டதால் சேர்த்தேன்.

அந்த அம்மாளை அறைக்குக் கூப்பிட்டு, மலாய் மொழியில் இருந்த அறிக்கையைப் பெரிய டாக்டர் வரிவரியாகப் படித்து அர்த்தம் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் வாயைத் திறக்கப் போகிறார், தண்ணீர் ஆடாததைச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தன் கைகளைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். சரி டாக்டர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷத்தில் அந்த வேலையெல்லாம் குத்தகைக்குப் போனபோது அவரும் போய்விட்டார்.

அந்த மௌனத்தை நான் எனக்குச் சாதகமாக விளக்கிக்கொண்டேன். பதில் சொல்லத் தகுதியில்லாதவனுக்கு அவர் பதில் சொல்வதில்லையே, என்னை அவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி அவர் மனத்தில் என் மேல் துப்பிவிட்டுப் போயிருந்தால் கணக்கு தீர்ந்தது அல்லவா. இப்படியொரு சௌகரியத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

போன வருஷம் என் இடது தோள் பூட்டிக்கொண்டது. எனக்கு எழுபத்தாறு வயது. என் மகள் என்னை ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக் கதவு, ஊதுவத்தி வாசனை, தண்ணீர் கொட்டும் சத்தத்தை ஒரு பெட்டியிலிருந்து ஓடவிட்டிருந்தார்கள். சுவரில் தோலுரித்த மனிதன் படம், உடம்பு முழுக்க வெள்ளை வலை. நான் வாளியில் போட்டது இங்கே சட்டம் மாட்டித் தொங்கியது. இறுக்கமான கால்சட்டை போட்ட ஒரு பையன், படலம் தலையிலிருந்து கால்வரை ஒரே துணி என்றான், அதில் நம் துக்கமெல்லாம் தங்கியிருக்கிறது என்றான். அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. பிறகு ஒரு முள்ளு உருளையை எனக்கு அடியில் போட்டு, இரும்புத் துண்டால் தோளைச் சுரண்டினான். நடுவில் கைபேசியைப் பார்த்துக்கொண்டான். "அங்கிள், உள்ள வெச்சிருக்கிறத விட்டுடுங்க" என்றான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தேன். பையனைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. பட்டயம் வாங்கிய புதிதில் நான் இவனைவிட மோசம், எனக்கு ஊதுவத்திகூட இல்லை.

வெளியே வந்ததும், பழைய நர்ஸ் ஒருவருக்குப் போன் செய்து அந்த அம்மாளின் விலாசத்தைக் கேட்டேன். மன்னிப்புக் கேட்பதற்காகப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தோள் வலிக்காகப் போனேன்.

குளுவாங்கில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், சின்ன வீடு. கதவைத் திறந்தவருக்கு என்னை அடையாளம் கண்டுகொள்ள நேரமாகவில்லை.

"சாரா? வாங்க. கெழவனா போயிட்டீங்க" என்றார். அவரும் எழுபதைத் தொட்டிருந்தார், இளைத்திருந்தார். நாக்கு இளைக்கவில்லை. உட்காரச் சொன்னார், தேத்தண்ணீர் கொடுத்தார். நான் குவளையை வலது கையால் மட்டும் வாங்கியதைப் பார்த்துவிட்டு, "எடது தோளா? எத்தன மாசமா இழுத்துக்கிட்டுத் திரியிறீங்க?" என்றார்.

எட்டு மாதம் என்றேன். ஜொகூர் பாரு பையனைப் பற்றிச் சொன்னேன். முள்ளு உருளைக்கு அவர் சிரித்தார், இரும்புத் துண்டுக்கு இன்னும் சிரித்தார். "செதில் எடுக்கிறானா, மீனுக்கு எடுக்கிற மாதிரி" என்றார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. கொஞ்சம் கை வைத்துப் பாருங்கள் என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை 'நீங்கள்' என்று சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

"நான் யாரையும் தொடறதில்ல சார்."

வயதாகிவிட்டதாலா என்று கேட்டேன்.

"வயசு என்னா வயசு. நீங்கதானே எழுதுனீங்க, அந்த சாஆக்காரர் தோள்ல உள்ளுக்குள்ள கிழிஞ்சிபோச்சுன்னு. டாக்டர் படிச்சாருல்ல." கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டார். "நான் கறி வெட்டுனவ. என்னா தெரியும் எனக்கு? அதுவா விட்டுக்குடுக்குதுன்னு நெனச்சேன். கிழிஞ்சிதான் அப்பிடி வந்துச்சுன்னு நீங்க சொன்ன பொறவுதான் தெரிஞ்சிச்சி." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார், "அந்த ஆளு அதுக்கப்பறமும் கைய தூக்குனாரா சார், இல்ல திரும்ப வுழுந்துடுச்சா?"

அந்த நாள் அவர் பேசாமல் போனது என்னைக் கேவலமாக நினைத்து அல்ல. என்னை நம்பி. உலகத்தில் யாரையும் மதிக்காத அந்தப் பெண், என் கையெழுத்து போட்ட ஒரு தாளை நம்பியிருக்கிறார்.

தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன். படித்த மனிதனுக்கு உண்மையைச் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியும். அன்றைக்கு அது வரவில்லை.

"கிழியல. ஒண்ணுமே கிழியல. நீங்க சொன்ன மாதிரி மெஷின் செத்துத்தான் கெடந்துச்சு, மூணு மாசமா. அவர் கைய தூக்குனார். உங்களாலதான் தூக்குனார். அவர் மறுபடியும் வேலைக்குப் போனார். எல்லாம் தெரிஞ்சேதான் எழுதுனேன்."

பக்கத்து வீட்டில் யாரோ குழாய்த் தண்ணீர் விட்டுக் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அதிலும் எனக்கு என் சௌகரியம்தான்.

"எத்தன பேரு வந்தாங்க தெரியுமா?" என்றார் கடைசியில். "ஆஸ்பத்திரியில பாத்தவங்க, வீடு தேடிக்கிட்டு. எல்லாரையும் திருப்பி அனுப்புனேன். எம்மேல கோவிச்சிக்கிட்டுப் போனாங்க."

நான் தலை குனிந்திருந்தேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்துச்சி. கையி இப்பிடி நெஞ்சோட ஒட்டிக்கிச்சி, வெரலு மூடிக்கிச்சி. ரெண்டு வருசம் படுக்கையில. பேச்சு இல்ல. எங் கையவே பாப்பாரு. வையின்னு கண்ணால கேப்பாரு. இன்னும் கிழிச்சிடப் போறேன்னு நான் வெக்கல சார். குளிப்பாட்டுறப்பகூட கையில துணியச் சுத்திக்கிட்டுத்தான் புடிச்சேன். போயிட்டாரு."

பக்கவாதத்தில் மடங்கிய விரல்களை அவர் கையால் விரித்திருக்க முடியாது. அது வேறு, மூளை சம்பந்தப்பட்டது. அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. படிப்பு என்ன ஒரு வெட்கங்கெட்ட ஜந்து. அவர் சொன்னது விரல்களை விரிப்பதைப் பற்றி அல்ல என்பது புரிந்து, வந்த வாயை மூடிக்கொண்டேன்.

"நீங்க போலாம் சார்" என்றார்.

எழுந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் மல்லாக்க வைத்து, யாருடையவோ கைகளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புக் கதவை நானே இழுத்துச் சாத்திவிட்டு வந்தேன்.